துங்கநாத் வழியில் ரோஸ் நிறப் புரான்ஸ்: கலப்பு மரமா?

மயூர்விஹார்_மீனா:
ஏப்ரல் கடைசியில், டெல்லி வெயிலுக்குப் பயந்து சில பேர் சேர்ந்து உத்தரகாண்டில் இருக்கும் துங்கநாத் மலைக்கோயிலுக்குப் போனோம். ஏறத் தொடங்கும் சோப்தா பக்கம் புரான்ஸ் மரத்துப் பூவெல்லாம் ரத்தச் சிவப்பு. ஏற ஏற ரோஸ் ஆகிவிட்டது. கோயிலை நெருங்கும்போது மரமே கிடையாது, வளைந்து நெளிந்த புதர்கள்தான். அவற்றில் வெளிர் ஊதா மொட்டுகள். வழிகாட்டி அதைச் சிம்ரு என்றார். கூட வந்த ஒருவர், நடுவில் நிற்கும் ரோஸ் மரங்கள் இரண்டுக்கும் பிறந்த கலப்பு என்று அடித்துச் சொல்கிறார். கீழே சிவப்பு, மேலே ஊதா, நடுவில் ரோஸ். கணக்கு இவ்வளவு சுலபமாகவா இருக்கும்? போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. எதைப் பார்த்தால் தெரியும்?

கரோல்பாக்_கணேசன்:
சந்தேகப்பட்டது நல்லது. புரான்ஸ், அதாவது ரோடோடென்ட்ரான் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஆர்போரியம், உயரம் கூடக் கூடத் தானாகவே வெளிறும். எந்தக் கலப்பும் இல்லாமல் வெள்ளை வரைக்கும் போகும். நிறத்தை நம்பாதீர்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள். புரான்ஸ் இலை நீளமாக, குறுகலாக இருக்கும். அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல மெல்லிய படலம். சிம்ரு, அதாவது அதே பேரினத்துக் கேம்பனுலேட்டம், இலை அகலம். அடியில் துருநிறத்தில் அடர்ந்த ரோமம். பூ விரிந்திருந்தால் உள்ளே அடியில் பாருங்கள். புரான்ஸுக்குக் கருஞ்சிவப்பாகத் தேன் பைகள் உண்டு, சிம்ருவுக்குக் கிடையாது. இவையெல்லாம் ஒரே மரத்தில் குழம்பிக் கிடந்தால்தான் கலப்பு என்று சந்தேகிக்கலாம்.

கலப்பதற்கு வழி இருக்கிறது. இரண்டுக்கும் குரோமோசோம் 26, பேரினத்துக்குள்ளும் ஒரே துணைப்பிரிவு. 3,000 மீட்டரை ஒட்டி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன. கீழே புரான்ஸ் பிப்ரவரியிலேயே பூத்துவிடும். மேலே தாமதமாகப் பூப்பதுதான் சிம்ருவின் பருவத்தோடு ஒட்டுகிறது. இந்தப் பேரினத்து மகரந்தம் பிசுபிசுப்பான இழைகளில் கோத்துக் கிடப்பதால், ஒரு வண்டு வந்துபோனாலே கொத்தாக ஒட்டிக்கொண்டு போகும்.

ஆனால் கலந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வடகிழக்குத் துருக்கியில் திர்யால் மலையில் இதே போல இரண்டு ரோடோடென்ட்ரான் இனங்கள்: கீழே பான்டிகம், மேலே காகசிகம், நடுவில் இரண்டின் கலப்பு. 2003-ல் வெளியான மரபணு ஆய்வில், அந்தக் கலப்புச் செடிகள் ஏறக்குறைய எல்லாமே முதல் தலைமுறை என்று தெரிந்தது. மலடு இல்லை, விதை பிடிக்கிறது. இருந்தும் பேரப்பிள்ளைகளைக் காணோம்! அந்த நடு உயரத்தில் முதல் தலைமுறைக்கு இருக்கும் தெம்பு அடுத்ததற்கு இல்லை, முளைத்தாலும் போட்டியில் தோற்றுவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அதனால்தான் நடுவில் இவ்வளவு கலந்தும் மேலினமும் கீழினமும் ஒன்றாகிவிடவில்லை.

குன்னூர்க்காரன்_துவாரகா:
எங்கள் நீலகிரியிலும் இதே மரம்தான், நிலகிரிகம் என்ற துணை இனம். ஆனால் தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ரோடோடென்ட்ரான் அது ஒன்றே, கலக்க ஜோடி கிடையாது. அங்கே ஒரு மரம் கொஞ்சம் வெளிறிப் பூத்தால் கலப்பு என்று யாரும் சொல்ல முடியாது. கணேசன் சார் சொன்ன நிற விஷயத்துக்கு அதுவே சாட்சி.

மயூர்விஹார்_மீனா:
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோஸ் மரங்கள் எல்லாவற்றிலும் குறுகின இலை, வெள்ளி அடி. அப்போது சுத்தப் புரான்ஸ்தான், நண்பருக்கு அனுப்பியாகிவிட்டது :) இன்னொன்று: கோயிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில், இலையைத் தொட்டாலே வாசனை வரும் செடி ஒன்று இருந்தது. அதுவும் இந்தச் சொந்தம்தான் என்றார்கள். அது புரான்ஸோடு கலக்குமா?

கரோல்பாக்_கணேசன்:
அது ரோடோடென்ட்ரானில் ஆந்தோபோகன் என்ற இனமாக இருக்க வேண்டும். சொந்தம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம். அதன் இலையடியில் நுண்ணிய செதில்கள் இருக்கும், வாசனை அதிலிருந்துதான் வருகிறது. புரான்ஸுக்குச் செதில் கிடையாது. செதில் உள்ள கூட்டமும் இல்லாத கூட்டமும் லேசில் கலக்காது, தோட்டக்காரர்கள் கையால் மகரந்தம் வைத்தாலும் பெரும்பாலும் தோல்விதான். அடுத்த முறை போனால் 3,000 மீட்டர் பக்கம், சிம்ரு தொடங்கும் இடத்தில் இலையடியைப் படம் எடுங்கள். பறிக்க வேண்டாம், அது கேதார்நாத் சரணாலயத்துக்குள் வருகிறது.