புதுப்பிப்பு: சில்க்கி கோழிகளும் ஒன்டாரியோ குளிரும்

பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கி இனக் கோழிகள் கனடாவின் ஒன்டாரியோ குளிரைத் தாங்குமா, கூட்டுக்குள் ஹீட் லேம்ப் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். லேம்ப் போடவில்லை, மரத்தூள் இருக்கிற இடத்தில் தீப்பிடித்தால் அவ்வளவுதான். மைனஸ் 20 இரவுகளிலும் எல்லாம் நன்றாக இருக்கின்றன!

குளிரை விட ஈரம்தான் இவற்றுக்கு எமன். மற்ற கோழிகளின் இறகு இழைகளைக் கோத்துப் பிடிக்கும் நுண்கொக்கிகள் சில்க்கிக்கு இல்லாததால் தண்ணீர் வழிந்து ஓடாது, பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மூச்சுக்காற்றின் ஈரம் வெளியே போகட்டும் என்று கூரையடியில் உள்ள காற்றுத் துளைகளை மூடவே இல்லை. அப்புறம், தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு நிப்பிள் (கொத்தினால் மட்டும் தண்ணீர் விடும் குழாய் முனை) பொருத்திய ஹீட்டர் வாளி வைத்ததும், அலகுக்குக் கீழுள்ள தாடி இறகு நனைந்து உறைவது நின்றது. இவை மேலே ஏறாமல் தரையிலேயே ஒட்டிப் படுப்பதால் மரத்தூளை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டிருக்கிறேன். கால் இறகில் பனி கட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் தினமும் தூக்கிப் பாருங்கள்.