மூட்டுத் தளர்வுள்ள 14 மாதக் குழந்தையை நிற்கவும் நடக்கவும் பழக்குவது எப்படி?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்

என் மகளுக்கு 14 மாதம் முடிந்துவிட்டது. இன்னும் தவழவில்லை, உட்கார்ந்தபடியே பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டு வீடு முழுவதும் போய்வருகிறாள். நிற்க வைத்தால் முழங்கால்கள் பின்னோக்கி வில்லாக வளைகின்றன. பாதங்கள் உள்பக்கம் சரிகின்றன. பரிசோதித்த மருத்துவர், தசை, நரம்புகளில் குறை தெரியவில்லை என்றும், மூட்டுகள் மட்டும் அளவுக்கு மீறித் தளர்வாக இருப்பதாகவும் கூறினார். வைகை மணலில் இடுப்பளவு குழி தோண்டிச் சிறிது நேரம் நிறுத்தினால் கால் பலப்படும் என்கிறார் என் மாமியார். தம்பி சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். எதைச் செய்வது?

பதில் 1: மதுரையில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்

அம்மா, இரண்டுமே வேண்டாம். மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைநார்கள் இளகியிருப்பதால், உங்கள் மகளுக்கு அந்த வேலையையும் சேர்த்துத் தசைகளே செய்ய வேண்டியிருக்கிறது. முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டு நிற்பது தசைக்கு ஓய்வு தேடும் வழி. மணற்குழியில் மணலே தாங்கிக்கொள்வதால் தசைக்கு வேலை இல்லை. வாக்கரிலோ குழந்தை தொங்கியபடி நுனிக்காலால் உந்துகிறது. கவிழ்ந்தும் படியில் உருண்டும் காயம்படுவதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

பாதம் தரையில் முழுமையாகப் படியும் உயரமுள்ள சிறு முக்காலியில் உட்கார வைத்து, எதிரே கட்டில் மீது அவளுக்குப் பிடித்த பொருளை வையுங்கள். முழங்கால் சற்று மடங்கிய நிலையிலேயே எழுந்து, எடுத்து, மீண்டும் உட்காரட்டும். அந்த ஏறி இறங்கும் அசைவில்தான் தொடையும் இடுப்பும் வலுப்பெறுகின்றன. பிறகு பொருளைக் கட்டிலோரமாக நகர்த்திக்கொண்டே போனால் பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பாள். பிடிக்க வேண்டுமானால் இடுப்பைப் பிடியுங்கள். கையைப் பிடித்துத் தூக்கினால் முழங்கை மூட்டு விலகக்கூடும். ஒரு நாளில் பல தடவை, இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். இக்குழந்தைகள் விரைவில் களைத்துவிடுவார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளின்படி, தனியாக நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 முதல் 17½ மாதம் வரை விரிகிறது. தேய்த்து நகரும் குழந்தைகள் அதற்கும் பிந்துவதுண்டு. ஆனாலும் 18 மாதத்தில் நடக்காவிட்டாலோ, ஒரு கால் மட்டும் பின்தங்கினாலோ, கற்றதை இழந்தாலோ காத்திருக்கக் கூடாது. வைட்டமின் டி குறைவு உண்டா என்றும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2: மேலூரிலிருந்து ஒரு தாய்

சகோதரி, என் மகனும் இப்படித்தான் இருந்தான். 20 மாதத்தில் நடந்தான். சித்திரைத் திருவிழாவில் வாங்கிய மர நடைவண்டி எடையின்றி முன்னே ஓடிவிட, அவன் குப்புற விழுந்தான். இயன்முறை மருத்துவரிடம் கேட்டுவிட்டு, முன்கட்டையில் ஒரு செங்கலைத் துணியில் சுற்றிக் கட்டினோம். அதன் பிறகு அவன் தள்ளினால்தான் வண்டி நகர்ந்தது. கட்டிலைப் பிடித்து நடக்கப் பழகிய பிறகே அதைக் கொடுத்தோம். எங்கள் வீட்டு மொசைக் தரையில் காலுறை போட்டால் வழுக்கியது; வெறுங்காலே நன்றாகப் பிடித்தது.

குளிப்பாட்ட வந்த பாட்டி கைகால்களை நீட்டி முறுக்கி இழுப்பதையும் நிறுத்தச் சொன்னோம். அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். எண்ணெயை மட்டும் மென்மையாகத் தடவச் சம்மதித்தார்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. வாக்கரைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். முக்காலி சற்று உயரமாக இருந்ததால் அவளுடைய பாதம் தரையைத் தொடவில்லை. அதன் கால்களை இரண்டு அங்குலம் அறுத்துத் தரும்படி தச்சரிடம் கொடுத்திருக்கிறேன். அதுவரை என் தொடைமேல் உட்கார வைத்து எழுப்புகிறேன். மாமியார் கட்டில் மீது சாவிக்கொத்தை வைத்து ஆட்டினார்; அதை எடுக்க இன்று நான்கு தடவை எழுந்தாள்.