தொலைபேசிச் சாக்கெட்டுகள் வழியாக வீட்டுக்குள் ஈதர்நெட்: எட்டு விளக்கும் எரிந்தும் வேகம் 100-ஐத் தாண்டவில்லை

மூன்றாம்மாடி:

வணக்கம். சென்னை வேளச்சேரியில் உள்ள எங்கள் அடுக்கக வீட்டில் ஹாலையும் சேர்த்து நான்கு அறைகளில், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தொலைபேசிச் சாக்கெட் இருக்கிறது. கட்டுநர் அப்போதே வைத்தது. லேண்ட்லைனை ஒப்படைத்த பிறகு யாரும் அவற்றைத் தொட்டதில்லை. ஃபைபர் மோடம் வாசற்கதவுக்கு அருகில் இருக்கிறது. நான் அலுவலக வேலை பார்க்கும் கடைசி அறைக்கும் அதற்கும் இடையே மூன்று சுவர்கள் இருப்பதால், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அங்கு எட்டுவதே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸிலோ காணொளிக் கூட்டத்தின் நடுவே பேச்சு அறுந்து அறுந்து வருகிறது.

சுவரை உடைக்கவோ சுவரோரமாகப் புதிய கேபிள் ஓட்டவோ வீட்டில் சம்மதமில்லை. ஹாலில் உள்ள சாக்கெட்டின் தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, சாம்பல் நிற உறைக்குள் எட்டுக் கம்பிகள் இருந்தன. நீலமும் வெள்ளை-நீலமும் மட்டும் திருகில் மாட்டப்பட்டு, மற்ற ஆறும் உறையின்மீது சுற்றிவிடப்பட்டிருந்தன. செருப்பு அலமாரிக்கு மேலே உள்ள சிறிய இரும்புப் பெட்டியில் இதே போன்ற மூன்று கேபிள்களும், வெளியிலிருந்து வரும் கறுப்புத் தொலைபேசிக் கம்பியும் முடிகின்றன. சாக்கெட்டுகள் நான்கு, கேபிள்கள் மூன்று என்பதுதான் புரியவில்லை.

இவற்றை ஈதர்நெட்டுக்கு, அதாவது கேபிள் வழி வலையமைப்புக்கு, பயன்படுத்தலாமா? எங்கள் எலக்ட்ரீஷியன், மின்சாரப் பிளக்கிலேயே சொருகி, வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்.

பழைய ஜாயிண்டர்:

தம்பி, தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த எட்டுக் கம்பி கேபிள் உங்கள் அதிர்ஷ்டம். பழைய வீடுகளில் இரண்டு அல்லது நான்கு கம்பிகள் மட்டுமே உள்ள, முறுக்கில்லாத தொலைபேசிக் கம்பியைத்தான் பெரும்பாலும் பார்க்கலாம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கேபிளின் உறைமீது சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். கேட் 5இ அல்லது கேட் 6 என்று இருந்தால், நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுசெல்ல வேண்டிய தரம் அது. அடுக்கக வீட்டில் முப்பது மீட்டர் வருவதே அரிது. கம்பியின் நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அடிக்கடி வளைத்தால் முறியும், மின்தடையும் கூடுதல்.

வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அந்தக் கறுப்புக் கம்பியைப் பெட்டிக்குள் தனியாகப் பிரித்து, நுனிகளை டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். லேண்ட்லைனை ஒப்படைத்துவிட்டதாலேயே அதில் மின்னழுத்தம் இருக்காது என்று நம்பக்கூடாது. தொலைபேசி இணைப்பில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் நிற்கும், மணி அடிக்கும்போது அதைவிட உயர்ந்த மாறுமின்னழுத்தம் வரும். மோடமின் போர்ட்டை அது பதம் பார்த்துவிடக்கூடும். வெளிக்கம்பி வழியாக இடி மின்னலின் தாக்கமும் வரலாம்.

நான்காவது கேபிள் காணாமல் போயிருக்காது. ஏதோ ஓர் அறையின் சாக்கெட்டிலிருந்து அடுத்த அறைக்கு லூப் அடித்திருப்பார்கள். தொலைபேசிக்கு அது சரி, எத்தனை கருவி வேண்டுமானாலும் ஒரே ஜோடியில் தொங்கலாம். ஈதர்நெட்டுக்கு ஒரு கேபிளின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கருவிதான் இருக்க முடியும்.

இன்வெர்ட்டர்வாசி:

பவர்லைன் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் மும்முனை இணைப்பு. மோடம் இருந்த அறையும் படிக்கும் அறையும் வெவ்வேறு ஃபேஸில் இருந்ததால், பெட்டியின்மீது பெரிய எழுத்தில் போட்டிருந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. நம் வீடுகளில் சில பாயிண்டுகள் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றவை நேரடி லைனிலும் இருப்பது இன்னொரு தொல்லை. மின்னெழுச்சிப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினாலும் சமிக்ஞை வடிகட்டப்பட்டுப் போகும். வேறு வழியே இல்லாத வீட்டுக்கு அது பரவாயில்லை; சுவருக்குள் செம்புக்கம்பி காத்திருக்கும்போது தேவையில்லை.

மூன்றாம்மாடி:

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னது போலவே, பெரிய படுக்கையறைச் சாக்கெட்டுக்குள் இரண்டு கேபிள்கள் இருந்தன. இரண்டாவது என் வேலை அறைக்குப் போகிறது. உறையில் கேட் 5இ, 24 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமன்) என்று அச்சிட்டிருக்கிறது, சுரண்டினாலும் செம்பு நிறமே தெரிகிறது. கறுப்புக் கம்பியை ஒதுக்கிவிட்டோம். எலக்ட்ரீஷியன் எல்லா முனைகளிலும் ஆர்ஜே45 பிளக் (எட்டுக் கம்பி ஈதர்நெட் பிளக்) கிரிம்ப் செய்து, படுக்கையறையில் இரண்டு கேபிள்களையும் ஒரு கப்ளரால் இணைத்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தபோது ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் இரு பக்கமும் வரிசையாகவே எரிந்தன.

ஆனால் பலன் விசித்திரமாக இருக்கிறது. படுக்கையறை முனையில் மடிக்கணினியை நேரடியாக மாட்டினால் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறது, ஆனால் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது தடுமாறித் தடுமாறிப் போகிறது. கப்ளர் வழியாக வேலை அறையில் மாட்டினால் சிறிது நேரம் யோசித்துவிட்டு 100-இல் நிற்கிறது, சில சமயம் அறுந்தும் போகிறது. கேபிள் பழுதாகிவிட்டதா, அல்லது கப்ளர்தான் காரணமா?

பழைய ஜாயிண்டர்:

கேபிளையும் கப்ளரையும் குறை சொல்வதற்கு முன், பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாக நிறங்களின் வரிசையை எழுதுங்கள்.

மூன்றாம்மாடி:

வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எல்லா முனைகளிலும் இதே வரிசைதான். இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் எந்த வரிசையானாலும் போதும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார்.

பழைய ஜாயிண்டர்:

பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் அந்த வரிசைதான் வில்லன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரியே, டெஸ்டரும் அதை மட்டுமே பார்க்கிறது. ஆனால் ஈதர்நெட் தனித்தனிக் கம்பியில் ஓடுவதில்லை, ஜோடியில் ஓடுகிறது. ஒரே சமிக்ஞையை நேராகவும் எதிராகவும் இரு கம்பிகளில் அனுப்பி, மறுமுனையில் இரண்டின் வேறுபாட்டை எடுத்துக்கொள்கிறார்கள். இரு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, வேறுபாட்டை எடுக்கும்போது கழிந்துபோகிறது. அந்த முறுக்கு இல்லாவிட்டால் பக்கத்து ஜோடியின் பேச்சே இரைச்சலாக ஏறிவிடும்.

இடமிருந்து எண்ணினால், போர்ட்டில் உள்ள ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. உங்கள் வரிசையில் 1-2 ஆரஞ்சு ஜோடி, 7-8 பழுப்பு ஜோடி, இரண்டும் சரி. ஆனால் 3-இல் வெள்ளை-பச்சையும் 6-இல் நீலமும் இருக்கின்றன. 4-இல் பச்சையும் 5-இல் வெள்ளை-நீலமும் இருக்கின்றன. அதாவது இரண்டு சமிக்ஞைகள், தமக்குள் முறுக்கப்படாத கம்பிகளில் பிரிந்து ஓடுகின்றன. இதைப் பிளவுண்ட ஜோடி என்பார்கள். விளக்கு எரியும் மலிவான டெஸ்டர் எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. ஜோடிகளுக்கிடையேயான கசிவை அளக்கும் கருவிதான் காட்டும்.

நீங்கள் கண்ட எல்லாவற்றுக்கும் இதுவே விளக்கம். ஜிகாபிட் (1000 மெகாபிட்) ஈதர்நெட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். படுக்கையறை வரை தூரம் குறைவு என்பதால் பிழைகளோடு எப்படியோ ஓடுகிறது. வேலை அறை வரை நீளும்போது தாக்குப்பிடிக்க முடியாமல், நெட்வொர்க் கார்டு தானாகவே 100-க்கு இறங்கிவிடுகிறது. அந்த 100 மெகாபிட் முறைக்கு 1-2, 3-6 ஆகிய இரண்டு ஜோடிகள் போதும். ஆனால் 3-6 பிளவுண்டு கிடப்பதால்தான் அதுவும் அறுந்து போகிறது.

இப்படிச் சுற்றிவளைத்த எண்களை ஏன் வைத்தார்கள் என்று எலக்ட்ரீஷியன் கேட்டால், தொலைபேசியைக் காரணம் சொல்லுங்கள். நடுவில் உள்ள 4-5 தொலைபேசியின் முதல் இணைப்புக்கு உரிய இடம், அதை அணைத்தாற்போல் இருபுறமும் உள்ள 3-6 இரண்டாவது இணைப்புக்கு உரியது. சிறிய ஆர்ஜே11 தொலைபேசிப் பிளக்கைப் பெரிய சாக்கெட்டில் சொருகினாலும் நடுக்கம்பிகள் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தார்கள்.

செய்ய வேண்டியது: டி568பி எனும் நிலையான நிற வரிசை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இன்னொன்றும் சொல்கிறேன், இதில் நான் பிடிவாதக்காரன்: சுவருக்குள் இருக்கும் ஒற்றைத் திடக்கம்பிக் கேபிளில் பிளக் போட்டு வெளியே தொங்கவிடாதீர்கள். நாற்காலி இடித்து நாலு முறை வளைந்தால் உள்ளே முறிந்துவிடும். சுவர்த்தட்டில் கீஸ்டோன் ஜாக் (பிளக் சொருகும் சாக்கெட்) பொருத்தி, பஞ்ச் டூலால் கம்பிகளை அழுத்தி, அங்கிருந்து கணினிக்குத் தனியே பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள, வளையும் கேபிள்) போடுவதே முறை. ஜாக்கின் பக்கவாட்டில் ஏ, பி என்ற இரு வரிசைகளுக்கும் நிறங்கள் ஒட்டியிருக்கும். எல்லா முனையிலும் பி-யையே பாருங்கள். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

ரிச்சி தெரு ரசிகர்:

கீஸ்டோன் ஜாக்கும் அதற்கேற்ற தட்டும் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். வாங்கும் முன் உங்கள் சுவர்ப்பெட்டியின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் மாடுலர் ஸ்விட்ச் தட்டுகளில் ஒரு நிறுவனத்தின் ஜாக் இன்னொரு நிறுவனத்தின் சட்டத்தில் பெரும்பாலும் உட்காராது.

மூன்றாம்மாடி:

ஜாக்குகள் மாட்டியாயிற்று. கப்ளரை எடுத்துவிட்டு, படுக்கையறையில் இரண்டு ஜாக்குகளையும் ஒரு குட்டைப் பேட்ச் கார்டால் இணைத்தோம். வேலை அறையில் 1000 நிலையாக நிற்கிறது. வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-இல் ஏறத்தாழ 940 மெகாபிட் வருகிறது. காணொளிக் கூட்டத்தில் இப்போது பேச்சு அறுவதில்லை.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம். படுக்கையறைத் தொலைக்காட்சிக்கும் அதே இடத்திலிருந்து கேபிள் வேண்டும். அடுத்து, சும்மா கிடக்கும் பழைய ரூட்டரை வேலை அறையில் வைஃபைக்காக வைக்கலாமா?

இன்வெர்ட்டர்வாசி:

முதலாவதற்கு, அந்தக் குட்டைப் பேட்ச் கார்டின் இடத்தில் ஐந்து போர்ட் கொண்ட ஜிகாபிட் ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) ஒன்றை வையுங்கள். பெட்டியிலிருந்து வரும் ஜாக், வேலை அறைக்குப் போகும் ஜாக், தொலைக்காட்சி மூன்றும் அதில் வந்து சேரட்டும். எந்தப் போர்ட்டில் எதைச் சொருகுவது என்ற கவலை இல்லை.

இரண்டாவதற்கு, வைக்கலாம். ரூட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் முறை (வைஃபை மட்டும் தரும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், அதன் முகவரியை மோடமின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, டிஹெச்சிபி-யை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை) நிறுத்திவிட்டு, சுவரிலிருந்து வரும் கார்டை அதன் வேன் (வெளி இணைய) போர்ட்டில் சொருகாமல் லேன் (வீட்டு வலையமைப்பு) போர்ட் ஒன்றில் சொருகுங்கள். வேன் போர்ட்டில் சொருகினால் இணையம் வரும், ஆனால் வேலை அறையில் உள்ளவை தனி வலையமைப்பாகிவிடும். ஹாலில் உள்ள பிரிண்டர் உங்கள் கணினியின் கண்ணில் படாமல் போகலாம்.

பழைய ஜாயிண்டர்:

மோடம், படுக்கையறை ஸ்விட்ச், பழைய ரூட்டர் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்டிலேயே மாட்டுங்கள். நடுவில் உள்ள ஸ்விட்ச் மட்டும் நேரடி லைனில் இருந்தால், கரண்ட் போகும்போது மோடம் உயிரோடு இருந்தும் வேலை அறை இருண்டுவிடும்.