முன்னாடி ஒரு பல் குறைக்கவா, பின்னாடி மூணு பல் கூட்டவா?

களிமண்: வண்டி சுசுகி டிஆர்-இசட்400எஸ். கம்பெனி கியரிங் 15/44, அதாவது செயின் ஓடுற பல் சக்கரத்துல (ஸ்ப்ராக்கெட்) முன்னாடி 15 பல், பின்னாடி 44. கல்லு ஏத்தத்துல ஃபர்ஸ்ட் கியரே வேகமா ஓடுது, கிளட்ச்சைப் பாதி பிடிச்சுக்கிட்டே ஏற வேண்டியிருக்கு. தார் ரோடும் நிறைய உண்டு. 14/44 போடலாமா, 15/47 போடலாமா?

நட்டுபோல்ட்டு: 14 போடுங்க, வேலை முடிஞ்சுது. 44-ஐ 15-ஆல வகுத்தா 2.93. அதையே 14-ஆல வகுத்தா 3.14. இழுவை ஏழு சதவீதம் கூடும். 15/47 போட்டாலும் 3.13தான் வருது. அதே பலனுக்கு எதுக்குப் பின் வீலைக் கழட்டிக்கிட்டு? செயின் பழசே போதும். பிடிக்கலைன்னா 15-ஐத் திரும்ப மாட்டிக்கலாம்.

பல்லவன்: கணக்கு ஒண்ணுதான், செயினுக்கு விழற அடி ஒண்ணில்லை. முன் ஸ்ப்ராக்கெட் சின்னதானா அதே இன்ஜின் முறுக்குக்கு செயின் ஏழு சதவீதம் கூடுதலா இழுபடும். பின்னாடி பெருசாக்கினா அந்த இழுப்பு ஏறாது. மடிப்பும் இருக்கு: 15 பல்லுல ஒவ்வொரு லிங்க்கும் 24 டிகிரி மடங்குது, 14-ல 25.7, 13-ல 27.7. இந்த 520 சைஸ் செயினுக்கு 15-ஓட பிட்ச் விட்டம் (செயின் பின்கள் சுத்துற வட்டத்தோட விட்டம்) 76.35 மிமீ, 14-க்கு 71.34. அதாவது முன்பக்கம் செயின் 2.5 மிமீ கீழே இறங்கி ஓடும். ஸ்லைடர் (செயின் உரசற காப்புப் பட்டை) தேய்ஞ்சதைக் கவனிக்காம விட்டா, பின் வீலைத் தாங்குற ஸ்விங்ஆர்மையே செயின் அரம் மாதிரி ராவிடும்.

நட்டுபோல்ட்டு: ரெண்டரை மில்லிக்கு இவ்வளவு பயமா! 13 போட்டா நீங்க சொல்றது சரி, நான் 13-ஐச் சொல்லவே இல்லையே. உங்க 47-க்கு வருவோம். மூணு பல் கூடினா செயின்ல ஒன்றரை லிங்க் நீளம் கூடுதலா வேணும். அதுக்கு பின் ஆக்ஸில் (வீல் அச்சு) சுமார் 12 மிமீ முன்னால வரணும். அட்ஜஸ்டர்ல அவ்வளவு இடம் இருக்கா? இல்லைன்னா புது செயின் செலவு.

பல்லவன்: இடம் இல்லைன்னா ரெண்டு லிங்க் நீளமான செயின். ஒன்றரை தேவை, ரெண்டு கிடைக்குது, அரை லிங்க் மிச்சம். ஆக்ஸில் பழைய இடத்துல இருந்து 3, 4 மிமீ பின்னால போகும். உங்க 14-ஐப் பழைய செயினோட போட்டாலும் ஆக்ஸில் கிட்டத்தட்ட அதே அளவுதான் பின்னால போகும், கணக்குப் போட்டுப் பாருங்க.

வேகமானி: ரெண்டு பேரும் தார் ரோட்டை மறந்துட்டீங்க. இப்ப 5,000 ஆர்பிஎம்ல போற வேகத்துக்கு இனிமே 5,350 பக்கம் சுத்தும், ரெண்டு வழியிலயும். ஸ்ப்ராக்கெட் எல்லா கியரையும் மொத்தமா நகர்த்துது, ஃபர்ஸ்டுக்கும் ஃபிஃப்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் அப்படியேதான் இருக்கும். இந்த வண்டியில ஸ்பீடோ முன் வீல்ல இருந்து எடுக்கிறதால மீட்டர் பொய் சொல்லாது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல சென்சார் இருக்கிற வண்டிகள்ல ஏழு சதவீதம் கூடுதலா காட்டும், ஓடின கிலோமீட்டரும் அதே அளவுக்கு ஊதிப்போகும்.

எதை வாங்குறதுக்கு முன்னாடியும் செயினை இழுத்துப் பிடிச்சு 20 பிட்ச் (ஒரு பின்னுல இருந்து அடுத்த பின் வரைக்கும் ஒரு பிட்ச்) அளந்து பாருங்க, அதாவது 21 பின். புதுசுல 317.5 மிமீ. சுசுகி சொல்ற எல்லை 319.4. அதைத் தாண்டிடுச்சுன்னா செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒண்ணா மாத்தணும், அப்ப இந்தச் சண்டையே தேவையில்லை, நேரா 47-க்கே போயிடலாம். தேய்ஞ்சு நீண்டுபோன செயின்ல புதுப் பல்லை மாட்டினா பல் சீக்கிரம் கொக்கி மாதிரி வளைஞ்சிடும்.

நட்டுபோல்ட்டு: அது நியாயம். செயின் நல்லா இருந்தா 14-ல முதல்ல ஓட்டிப் பார்க்கட்டும், தார் ரோட்டு அதிர்வு தாங்குதான்னு தெரிஞ்சிடும். முன் நட்டைக் கழட்டும்போது வரிசை முக்கியம்: லாக் வாஷரோட (நட்டு தளராம மடிச்சுப் பிடிக்கிற வாஷர்) மடிப்பை நிமித்தி, செயின் மாட்டியிருக்கும்போதே, வீல் தரையில இருக்க, பின் பிரேக்கை ஒருத்தர் மிதிச்சுப் பிடிக்கணும். ஆக்ஸிலை அப்புறமாத் தளர்த்துங்க. முதல்லயே தளர்த்திட்டா நட்டோட மல்லுக்கட்டும்போது வீல் கோணலாகும். மாட்டும்போது லாக் வாஷர் புதுசு. மடிச்ச இடத்துலயே திரும்ப மடிச்சா அது உடையும், நட்டு தளரும், ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கிற ஷாஃப்ட் வரிப்பல் (ஸ்ப்ளைன்) போயிடும்.

பல்லவன்: செயின் ஸ்லாக்கையும் (தளர்வு) சொல்லிடுங்க. கியர்பாக்ஸ் ஷாஃப்ட், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுல வர்ற வரைக்கும் பின்பக்கத்தை அமுக்கணும், செயின் ரொம்ப இறுகறது அங்கதான். அங்கயும் கொஞ்சம் ஆட்டம் இருக்கணும். விறைப்பா வச்சா ஷாஃப்ட் பேரிங்கும் ஆயில் சீலும் போகும். அப்புறம், 47 வாங்கினா ஸ்டீல்ல வாங்குங்க. அலுமினியம் எடை குறைவு, ஆனா சேத்துல சீக்கிரம் தேயும். மாட்டினதும் வீலைக் கையால சுத்தி, செயின் கைடுல உரசுதான்னு ஒரு சுத்து முழுக்கப் பாருங்க.