மிக்கிள்ஜான் வாழ்க்கைக் குறிப்பும் ‘சட்டாம்பிள்ளை முறை’ என்னும் சொல்லும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கல்வியாளர் ஜான் மில்லர் டவ் மிக்கிள்ஜானைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பில் ‘மானிட்டோரியல் சிஸ்டம்’ என்ற சொல் வருகிறது; மாணவர்களைக் கொண்டே மற்ற மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறை அது. அதற்குத் தமிழில் ‘கண்காணிப்பு முறை’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. ‘சட்டாம்பிள்ளை முறை’ என்பதே தகும் என்று கருதுகிறேன். அவர் வாழ்க்கையே அதற்குச் சான்று தருகிறது.

எடின்பரோவில் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த மிக்கிள்ஜான், தந்தையின் பள்ளியிலும் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட்டின் ‘தூய அறிவின் விமரிசனம்’ நூலுக்கு அவர் இளமையிலேயே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1855-இல் வெளிவந்தது. தனியார் பள்ளிகளில் ஆசிரியராக இருந்துகொண்டே இதழ்களுக்கும் எழுதினார். 1864-இல் டென்மார்க்குக்கும் ஜெர்மானியருக்கும் நடந்த போரில் செய்தியாளராகச் சென்று, ஒற்றர் என்ற ஐயத்தில் கைதானார். 1886-இல் வந்த அவருடைய ஆங்கில மொழி நூல் இலக்கணத்தோடு மொழி வரலாற்றையும் இலக்கிய வரலாற்றையும் ஒரே நூலாகச் சேர்த்துத் தந்தது. விதிகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவனுக்கு, அவ்விதிகள் எவ்வாறு உருவாயின என்று காட்டியதே அவருடைய பெரிய தொண்டு என்பேன்.

1876-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் முதல் கல்வியியல் பேராசிரியராக அவர் அமர்ந்த இருக்கை, ஆண்ட்ரூ பெல் விட்டுச்சென்ற அறக்கொடையால் நிறுவப்பட்டது; 1881-இல் பெல்லைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். நம் சொல் இங்கேதான் வருகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த பெல், 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார்; ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறியவர்களுக்கு அரிச்சுவடி கற்பித்தார். மாணவனைக் கொண்டே கற்பிக்கும் இந்த மானிட்டோரியல் முறை பின்னர் பிரிட்டனில் ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது.

திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவர்களை ஒழுங்கிலும் வைத்திருந்தான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ‘கண்காணிப்பு’ என்றால் ஒழுங்கு மட்டுமே நிற்கும், கற்பித்தல் போய்விடும். ‘மாணவத் தலைவர் முறை’ என்பதிலும் அதே குறை உண்டு. ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்று இன்று அதிகாரம் செலுத்துவதைக் குறிக்கிறோமே என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆயினும் கல்வி வரலாற்றுக் கட்டுரையில் ‘முறை’ என்பதோடு சேர்ந்து வரும்போது அக்குழப்பம் எழாது.

ஒன்றை மட்டும் பிரித்துவைக்க வேண்டும். 1846 முதல் பிரிட்டனில் ஊதியத்தோடு பயிற்சி பெற்ற ‘பியூப்பில் டீச்சர்’ என்னும் இளைஞர்களைச் சட்டாம்பிள்ளை என்று சொல்லக்கூடாது. அவர்கள் ஆசிரியத் தொழிலுக்கென ஒப்பந்தமானவர்கள் ஆதலால், ‘பயில்நிலை ஆசிரியர்’ என்று தனிச் சொல் வைக்கலாம்.