வலயக் கல்விப் பணிப்பாளர் மேற்பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார், பெற்றோருக்கு நம்பிக்கை இல்லை: யாருக்கு, எப்படி எழுதுவது?

கொட்டாஞ்சேனை_பெற்றோர் கேட்டது:

கொழும்பு மாவட்டத்தில் ஒரு வலயத்தின் கல்விப் பணிப்பாளர் மாகாண மட்டப் பதவி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார். நேர்முகப் பரீட்சை இன்னும் நடக்கவில்லை. தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் பெற்றோரும் பழைய மாணவரும் அவரை நம்பவில்லை. மூன்று விடயங்கள் பேசப்படுகின்றன. கணித, விஞ்ஞான ஆசிரியர்களைப் பாடசாலையிலிருந்து எடுத்து "இணைப்பு" என்ற பெயரில் வலயப் பணிமனையில் வைத்திருக்கிறார். அதிபர் சேவையில் தரமுள்ளவர்கள் இருக்க, கடமை நிறைவேற்று அதிபர்களையே (நிரந்தர நியமனம் இல்லாமல் அதிபர் வேலை பார்ப்பவர்களையே) வருடக்கணக்காகத் தொடரவிடுகிறார். பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம் பற்றிய முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவதே இல்லை.

600 கையெழுத்துடன் மகஜர் தயாராகிவிட்டது. ஆளுநரிடமா, அமைச்சிடமா, அரசாங்க சேவை ஆணைக்குழுவிடமா கொடுப்பது? பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைக் கொண்டு நேரே பேசலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். தமிழில் எழுதினால் எடுபடுமா?

கோவை_இலக்கம் எழுதியது:

மகஜரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

வலயக் கல்விப் பணிப்பாளர் இலங்கைக் கல்வி நிர்வாக சேவையைச் சேர்ந்தவர். அது நாடளாவிய சேவை. அன்றாட வேலை மாகாணத்தின் கீழ் நடந்தாலும் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று ஆகிய அதிகாரங்கள் அரசியலமைப்பின் 55ஆம் உறுப்புரைப்படி அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை ஆணைக்குழு அமைச்சின் செயலாளருக்குக் கையளிக்கலாம். எனவே கடிதத்தை ஆணைக்குழுவின் செயலாளருக்கு விலாசமிட்டு, பத்தரமுல்லை இசுருபாயவில் கல்வி அமைச்சின் செயலாளருக்கு ஒரு பிரதியும், மேல் மாகாணப் பிரதம செயலாளருக்கு ஒரு பிரதியும் அனுப்புங்கள். மேல் மாகாண சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை, நிருவாகம் ஆளுநரின் கீழ் ஓடுகிறது. அதனால் ஆளுநருக்கும் ஒரு பிரதி போகலாம். ஆனால் அவருக்கு மட்டும் எழுதினால், "பொருத்தமான நடவடிக்கைக்கு" என்ற இறப்பர் முத்திரையோடு கடிதம் ஒவ்வொரு மேசையாகக் கீழிறங்கி, கடைசியில் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரிடமே "உமது அறிக்கையைச் சமர்ப்பிக்கவும்" என்று போய்ச் சேரும்.

பாராளுமன்ற உறுப்பினரைக் கொண்டு ஆணைக்குழு உறுப்பினர் யாரிடமும் பேச வேண்டாம். ஆணைக்குழுவின் தீர்மானத்தில் செல்வாக்குச் செலுத்த முயல்வது அரசியலமைப்பின்படியே குற்றம். பேசப் போனவருக்கும் வில்லங்கம், உங்கள் நியாயமும் அரசியல் சாயம் பூசிக்கொள்ளும். அவரை ஈடுபடுத்தத்தான் வேண்டுமென்றால், பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் குழுவுக்கு எழுத்து மூல மனு சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். அதுதான் அவருக்குரிய முறையான வழி.

தமிழில் எழுதுங்கள், தயங்கவே வேண்டாம். மேல் மாகாணத்தில் பதிவேடுகள் சிங்களத்தில் இருந்தாலும், அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால், அந்தக் கடித இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தமிழில் கேட்டு மறுகடிதம் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். வேலை வேகமாக நடக்க வேண்டுமென்றால் பொருள் வரியை மட்டும் சிங்களத்திலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்பதைத் தபாலைப் பிரிக்கும் எழுதுவினைஞர் உடனே கண்டுகொள்வார்.

600 கையெழுத்து என்பது கவலை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. முழுப் பெயர், விலாசம், தேசிய அடையாள அட்டை இலக்கத்துடன் மூன்று நான்கு பேர் ஒப்பமிட்ட இரண்டு பக்கக் கடிதமே பிரதானம். மகஜரை அதற்கு இணைப்பாக வையுங்கள். ஒப்பமிடுபவர்கள் நாளைக்கு ஆரம்பப் புலனாய்வு நடந்தால் வந்து வாக்குமூலம் கொடுக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

தகவல்_விண்ணப்பம் எழுதியது:

மேலே சொன்ன கடிதத்துக்கு உயிர் கொடுப்பது அதோடு சேர்த்து அனுப்பும் ஆவணங்கள்தான். ஆசிரியர்களை "இணைப்பில் வைத்திருக்கிறாராம்" என்ற பேச்சை ஆவணமாக மாற்ற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது கேள்வியை எழுதும் விதத்தில்தான்.

"ஏன் எங்கள் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. சட்டம் தருவது அலுவலகத்திடம் உள்ள பதிவை. காரணத்தையும் அபிப்பிராயத்தையும் கேட்டால், அப்படியொரு ஆவணம் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆசிரியர்களின் பெயரைக் கேட்டாலும் தனிப்பட்ட தகவல் என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுக்க இடமுண்டு. பெயரை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்:

"கடந்த 24 மாதங்களில் இவ்வலயத்தின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளிலிருந்து வலயப் பணிமனைக்குத் தற்காலிகமாக இணைக்கப்பட்ட ஆசிரியர் ஒவ்வொருவருக்கும்: நிரந்தரப் பாடசாலை, கற்பிக்கும் பாடம், இணைப்புக் கடிதத்தின் இலக்கமும் திகதியும், அங்கீகரித்த அலுவலரின் பதவிப் பெயர், இணைப்பு முடிவடையும் திகதி. அக்கடிதங்களின் பிரதிகள், பெயர்கள் மறைக்கப்பட்ட நிலையில்."

ஆவணத்தின் ஒரு பகுதியை மறைத்து மிகுதியைத் தர 6ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதனால் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "அங்கீகரித்த அலுவலர்" என்பதுதான் உங்கள் விடயத்தின் மையம். கையெழுத்து பணிப்பாளருடையதா, மாகாணத் திணைக்களத்திலிருந்து வந்த உத்தரவா என்பது அதில் தெரிந்துவிடும்.

கடமை நிறைவேற்று அதிபர் விடயத்திலும் இதே முறைதான். நிரந்தர அதிபர் இல்லாத பாடசாலைகளின் பட்டியல், ஒவ்வொன்றும் வெற்றிடமான திகதி, அந்த வெற்றிடத்தை நிரப்பும்படி வலயத்திலிருந்து மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட கடிதங்களின் பிரதிகள். கடிதமே போகவில்லை என்றால் பொறுப்பு வலயத்தில். மூன்று தடவை எழுதியும் மேலே கிடப்பில் கிடக்கிறது என்றால் நீங்கள் தவறான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள்.

விண்ணப்பம் வலயப் பணிமனையின் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தின் பெயரிலும் கேட்கலாம், உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் போதும். கையில் கொடுத்தால் கையேற்பு வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் போட்டால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு கோர்த்து வையுங்கள்.

தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். போயா, பொது விடுமுறை, சனி, ஞாயிறு கழித்தால் ஏறக்குறைய மூன்று வாரம். பக்கம் அதிகமென்றால் மேலும் 21 நாள் எடுக்கலாம். அதனால்தான் பத்து வருடத்துக்குக் கேட்காமல் 24 மாதத்துக்குக் கேட்கச் சொன்னேன். மௌனமாக இருந்தாலோ மறுத்தாலோ, 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (இத்தகைய மேன்முறையீடுகளை விசாரிப்பவர்) மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் இந்த 14 நாளைத் தவறவிட்டுவிட்டு, புதிதாக ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

நேர்முகப் பரீட்சை அதற்குமுன் வந்துவிடும் என்ற பயம் நியாயமானது. காத்திருக்காதீர்கள். கையில் இருப்பதை வைத்து ஆணைக்குழுக் கடிதத்தை இப்போதே அனுப்புங்கள். தகவல் விண்ணப்பத்தின் பிரதியை இணைத்து, "பதில் கிடைத்ததும் மேலதிகமாகச் சமர்ப்பிப்போம்" என்று ஒரு வரி சேருங்கள்.

மட்டக்குளி_நூலகம் எழுதியது:

பணிப்பாளர்மீது உள்ள குறையையும் அவர் பொறுப்பில்லாத குறையையும் பிரித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொழும்பின் பெரிய தமிழ்ப் பாடசாலைகளில் சில தேசியப் பாடசாலைகள். அவை நேரே கல்வி அமைச்சின் கீழ் வருபவை. அங்கே அதிபரை நியமிப்பதும் ஆசிரியரை இடமாற்றுவதும் வலயப் பணிப்பாளர் அல்ல. கடிதத்தில் அப்படி ஒரு பாடசாலையின் பெயர் வந்தாலே, எழுதியவர்களுக்கு அமைப்பே விளங்கவில்லை என்று முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார்கள்.

தமிழ்மொழிமூல விஞ்ஞான, கணித ஆசிரியர் தட்டுப்பாடும் அவர் ஒருவர் உண்டாக்கியது அல்ல. ஆளணியை (எத்தனை ஆசிரியர் இடங்கள் என்பதை) தீர்மானிப்பதும் புதிய நியமனம் கொடுப்பதும் வலயத்துக்கு மேலே நடக்கிற வேலை. இருக்கிற ஆசிரியரை எங்கே வைக்கிறார் என்பது மட்டும்தான் அவர் கையில். கேள்வியை அங்கேயே நிறுத்துங்கள், அது பலமான கேள்வி. அவரும் ஒரு உத்தியோகத்தர். பல வருடச் சேவைக்குப் பிறகு பதவி உயர்வு கேட்பது அவருடைய உரிமை. அதை மறிக்க எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை_பெற்றோர் கேட்டது:

நன்றி. சொன்னபிறகு பட்டியலைப் பார்த்தோம், இரண்டு தேசியப் பாடசாலைகள் உள்ளே இருந்தன, எடுத்துவிட்டோம். இன்னும் மூன்று சந்தேகம். ஆசிரியர்கள் சிலரும் ஒப்பமிட விரும்புகிறார்கள், சரியா? பெயர் போடாமல் அனுப்ப விரும்புபவர்கள் இருக்கிறார்கள். மகஜரை வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் போடலாமா?

சட்டக்_குறிப்பு எழுதியது:

ஆசிரியர்கள் மகஜரில் ஒப்பமிட வேண்டாம். அவர்கள் அரச உத்தியோகத்தர்கள், தாபனக் கோவையின் (அரச ஊழியருக்கான நிருவாக விதித்தொகுப்பின்) ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். முறைப்பாடு உண்மையாக இருந்தாலும், முறை தவறி எழுதினார்கள் என்று தனியாக விளக்கம் கேட்கப்படலாம். அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, சங்கம் தன் கடிதத் தலைப்பில் தனியாக எழுதட்டும். உங்கள் கடிதமும் சங்கத்தின் கடிதமும் ஒரே வசனங்களைச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கையால் எழுதியது என்று தெரிந்தால் இரண்டும் வலுவிழக்கும்.

மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம். அதை வைத்து யாரிடமும் வாக்குமூலம் பெற முடியாது. அதைவிடப் பெரிய தீங்கு, ஒரு மொட்டைக் கடிதம் போய்விட்டால் பின்னால் வரும் பெயருள்ள கடிதத்தையும் அதே கோவையில் போட்டு, "ஏற்கெனவே வந்த ஆதாரமற்ற முறைப்பாடு" என்று குறிப்பெழுதிவிடலாம்.

முகநூல் விடயத்தில் உறுதியாகச் சொல்கிறேன், போடாதீர்கள். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் நட்டஈட்டு வழக்கு இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் (இணையப் பதிவுகள் பற்றியது) இருக்கிறது. உரிய அதிகாரிக்கு நல்லெண்ணத்தோடு எழுதும் முறைப்பாடு வேறு, ஊருக்கெல்லாம் அறிவிப்பது வேறு. கடிதத்திலும் "ஊழல்வாதி", "திருடன்" என்ற சொற்களை வெட்டிவிடுங்கள். "இன்ன திகதிக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை" என்ற வசனம் அவற்றைவிட ஆழமாக வெட்டும்.

எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். முறைப்பாடு வந்தது என்பதற்காக மட்டும் பதவி உயர்வு நிற்காது. ஆரம்பப் புலனாய்வு நடந்து, முகத்தோற்றச் சான்று (முதற்பார்வையிலேயே குற்றத்தைக் காட்டும் சான்று) இருந்து, குற்றப்பத்திரம் வழங்கப்பட்ட நிலைதான் பாரமானது. ஆகவே கடிதத்தில் இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனியாக வையுங்கள். ஒன்று, குறிப்பிட்ட சம்பவங்கள் பற்றி ஆரம்பப் புலனாய்வு. மற்றது, நேர்முகப் பரீட்சைச் சபை தீர்மானிக்குமுன் இந்த ஆவணங்களைக் கவனத்தில் எடுத்தல். "அவரை நியமிக்கக் கூடாது" என்ற ஒற்றை வரிக் கோரிக்கைக்குச் செய்யக்கூடிய நடவடிக்கை எதுவும் இல்லை.

கோவை_இலக்கம் எழுதியது:

பணம் பற்றிய மூன்றாவது விடயத்தை இந்தக் கடிதத்தோடு கலக்காதீர்கள். அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அந்தந்தப் பாடசாலை அதிபர். பணம் காணாமல் போயிருந்தால் முதல் பொறுப்பு அங்கே. பணிப்பாளர்மீது வைக்கக்கூடியது, முறைப்பாடு கிடைத்தும் விசாரிக்கவில்லை என்பது மட்டும்தான். அதற்குத் தேவை பழைய முறைப்பாட்டின் பிரதியும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டும்.

பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கியது, வங்கிக் கணக்குக்குப் போகாதது போன்றவை இருந்தால் காசேடு, வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கை, பற்றுச்சீட்டு அடிக்கட்டை ஆகியவற்றைத் தகவல் விண்ணப்பத்தில் தனியாகக் கேட்டு, கணக்காய்வாளர் நாயகத்துக்கு எழுதுங்கள். முதலாம் தர அனுமதிக்கோ இடமாற்றத்துக்கோ யாராவது பணம் கேட்டால் விடயம் வேறு. அது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வரும். பணம் கைமாறுமுன் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். கொடுத்துவிட்டுப் பிறகு வந்தால் நிரூபிப்பது மிகக் கடினம். தெரிந்துகொண்டே பொய் முறைப்பாடு செய்வதும் அதே சட்டத்தில் குற்றம், காதில் விழுந்ததை வைத்து அங்கே போகாதீர்கள்.

தகவல்_விண்ணப்பம் எழுதியது:

கடைசியாக ஒன்று. யாருக்கு அனுப்பினாலும் எல்லாக் கடிதத்திலும் ஒரே இலக்கமுறை பாவியுங்கள். இணைப்பு 1 என்பது எல்லாப் பிரதியிலும் அதே ஆவணமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் வலது மூலையில் இலக்கம். அமைச்சிலிருந்து தொலைபேசியில் "இணைப்பு 4ஐ விளக்குங்கள்" என்று கேட்டால், எடுப்பவர் உடனே புரட்டிச் சொல்லக்கூடியதாக இருக்கும். போட்டோ கொப்பிக் கட்டணம் பற்றியும் கவலை வேண்டாம். 2017இல் வந்த கட்டண விதிப்படி முதல் நான்கு ஏ4 பக்கம் இலவசம், பிறகு பக்கத்துக்கு 2 ரூபா. மின்னஞ்சலில் கேட்டு வாங்கினால் அதுவும் இல்லை.