மறு: ‘ஆல்கல் புளூம்’ – பெருக்கமா, மலர்ச்சியா, பூத்தலா?

அன்பர்களே, வணக்கம். ஏரி குளங்களில் பாசி மிகுந்து நீரின் நிறமே மாறிவிடுவதை ஆங்கிலத்தில் ‘ஆல்கல் புளூம்’ என்கிறார்கள். அதற்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் தமிழில் என்ன சொல் போடுவது என்பதுதான் இந்த இழையின் பேச்சு. இழையில் மற்றவர்கள் எழுதியதை மேற்கோளாகக் காட்டி மறுமொழி சொல்கிறேன்.

> ‘தீங்குதரும் பாசி மலர்ச்சி’ என்றே வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

சொல்லுக்குச் சொல் சரியாக வருவதுதான் தொல்லை, ஐயா. நமக்கு முகம் மலரும், மறுமலர்ச்சி வரும். ஏரி நாறி மீன் செத்து மிதப்பதை ‘மலர்ச்சி’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘தீங்குதரும்’ என்று முன்னால் ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது.

இந்த இழையில் பலர் கேட்பது ‘பாசிப் பெருக்கம்’. பழகிய சொல், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நடப்பதில் பாதியைத்தான் அது சொல்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசியின் (சயனோபாக்டீரியா) உயிரணுவுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. காற்றடித்து நீர் கலங்கும் நாட்களில் அவை ஆழம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பார்ப்பவருக்கு நீர் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். காற்று ஓய்ந்து நீர் அசையாமல் நின்றால் ஒரே இரவில் மேலே மிதந்து வந்து படலம் கட்டிவிடும். காலையில் கரைக்கு வருபவர் ‘நேற்று இல்லையே, ராத்திரியோடு ராத்திரியாக இவ்வளவு பெருகிவிட்டதா’ என்பார். பெருகியது வாரக்கணக்கில். அந்த இரவில் நடந்தது மேலே வந்ததுதான்.

இதற்குத் தமிழில் வினை இருக்கிறது. சுவரில் உப்புப் பூக்கிறது. ஊறுகாயில் பூசணம் பூக்கிறது. தணல் நீறு பூக்கிறது. மேற்பரப்பில் படலமாக வெளிப்படுவதை ‘பூத்தல்’ என்று நாம் எப்போதோ சொல்லத் தொடங்கிவிட்டோம். ஆங்கிலத்தைப் பார்த்து எடுத்ததில்லை. எனவே ‘பாசி பூத்தல்’. பெயர்ச்சொல் வேண்டுமென்று ‘பாசிப்பூப்பு’ ஆக்கிவிடாதீர்கள். படிப்பவருக்கு மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகைதான் நினைவுக்கு வரும்.

> சயனோபாக்டீரியா என்பது பாக்டீரியா. அதைப் பாசி என்பது அறிவியல் பிழை.

ஆல்கா என்றால் பிழை. பாசி என்றால் இல்லை. பசுமையை அடியாகக் கொண்ட பொதுச்சொல் அது. குளத்துப் படலமும் படித்துறை வழுக்கலும் கடலில் விளைவதும் எல்லாம் பாசிதான். வகைப்பாடு வேண்டிய இடத்தில் சயனோபாக்டீரியா என்றே எழுதுவோம்.

‘தீம்பாசி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தீம்பால், தீம்புனல் வரிசையில் அது இனிப்புப் பாசியாகிவிடும்! ‘நச்சுப்பாசி’யையும் எல்லா இடத்திலும் போட முடியாது. நஞ்சே சுரக்காத பாசியும் இரவில் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று மீனை மூச்சடைக்க வைக்கும். சோதனையில் நஞ்சு உறுதியானால் நச்சுப்பாசி. அதுவரை ‘கேடுதரும் பாசி’ போதும்.

> கட்டுப்படுத்தலுக்கு ‘பாசி ஒழிப்பு’ என்று போடலாம். கொசு ஒழிப்பு போல மக்களுக்கு உடனே புரியும்.

இதைத்தான் கடுமையாக மறுக்கிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரம் பாம் தீவு என்று ஒன்று. பெரும்பாலும் பழங்குடியினர் வாழும் ஊர். 1979இல் அங்குள்ள சாலமன் அணை நீரில் வாடையும் சுவைக்கேடும் வந்ததென்று புகார். பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டார்கள். பாசி செத்தது. சில நாட்களில் 140 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வாந்தி, கல்லீரல் வீக்கம். முதலில் காரணமே பிடிபடவில்லை, ‘பாம் தீவின் மர்ம நோய்’ என்றே பெயர் வந்தது. பாசி உயிரோடு இருந்தவரை பெருமளவு உயிரணுவுக்குள்ளேயே இருந்த நஞ்சு, உயிரணு வெடித்ததும் குடிநீரில் கலந்துவிட்டது. ஒழித்ததால் வந்த வினை. ‘ஒழிப்பு’ என்று கையேட்டில் அச்சடித்தால், படிக்கும் பணியாளர் முதலில் தேடுவது மருந்து மூட்டையைத்தான். ‘பாசிக்கொல்லி’ என்ற சொல் தனியே இருக்கட்டும். பாசி அடர்த்தியாவதற்கு முன் அளவாகப் போடும் முறை இன்றும் உண்டு. துறையின் பெயர் ‘பாசித் தணிப்பு’ என்று இருக்க வேண்டும்.

எதைத் தணிப்பது? பெரும்பாலும் பாசிக்கு ஊட்டமாகும் பாஸ்பரஸை. கனடாவின் ஒண்டாரியோவில் ‘226ஆம் ஏரி’ என்று எண்ணால் அழைக்கப்படும் சிறு ஏரியை 1973இல் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும், ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சையானது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் இன்றும் வகுப்புகளில் காட்டப்படுகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் ஏரிக்குள் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டதும் ஏரி தெளிந்தது.

எல்லா ஏரியும் அப்படி உடனே தெளிவதில்லை. வெளியிலிருந்து வருவதை நிறுத்தினாலும், அடியில் படிந்த பாஸ்பரஸ் ஆக்சிஜன் வற்றும் காலத்தில் மறுபடி நீருக்குள் கசியும். இதற்கு இழையில் வந்த ‘அகச் சுமையேற்றம்’ லாரி ஷெட்டில் சொல்வதுபோல் இருக்கிறது. ‘வண்டல் ஊட்டம்’ என்றால் என்ன? கண்மாய் வண்டலை அள்ளி வயலில் போடும் விவசாயிக்கு அதில் ஊட்டம் இருப்பதை விளக்க வேண்டாம். அள்ளாமல் விட்டால் அதைப் பாசி தின்னும், அவ்வளவே. படிகாரமோ லாந்தனம் என்ற உலோகம் கலந்த களிமண்ணோ போட்டுப் பாஸ்பரஸை அடியிலேயே பிடித்து வைப்பதை ‘ஊட்டம் கட்டுதல்’ எனலாம். ஆம்ஸ்டர்டாமின் நியூவெ மேர் ஏரியில் அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டுக் கலக்கி, மைக்ரோசிஸ்டிஸின் மிதக்கும் வசதியையே பறித்தார்கள். அதற்குக் ‘குமிழிக் கலக்கல்’.

அன்புடன்,
மதுரையிலிருந்து

—

வணக்கம். கொழும்பிலிருந்து ஒரு குறுக்கீடு.

எங்கள் பாடநூல்களில் இன்னும் அல்காதான், நீரில் ஊட்டம் அளவுமீறும் மிகையூட்டத்துக்கு ‘நற்போசணையாக்கம்’. இங்குள்ள பேர வாவியின் ஓரமாய் நடந்தால் அதில் ‘நல்’ எங்கே என்று எவரும் கேட்பார், ஆகவே அதற்கு நான் வாதாட வரவில்லை. ‘தணிப்பு’ நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணை, நீங்கள் காட்டிய பாம் தீவே உங்கள் ‘பூத்தலுக்கு’ எதிர்ச்சாட்சி. அங்கே குற்றவாளியாகப் பின்னர் இனங்காணப்பட்ட சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பொதுவாக மேலே ஏடு கட்டுவதில்லை, நீருக்குள் பரவியே நிற்கும். சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரியிலுள்ள பிளாங்டோத்ரிக்ஸ் என்ற சிவப்புப் பாசி கோடை முழுக்கப் பத்து மீட்டருக்கும் கீழே கிடக்கும். இலையுதிர் காலத்தில் நீர் கலங்கினால்தான் மேலே வரும். பூக்காததால் பயமில்லை என்று சனங்கள் நினைத்தால் என்ன செய்வது?

—

நியாயமான கேள்வி, தம்பி. அப்படியானால் இரண்டு சொல்லும் வேண்டும். ஆய்வகத்தில் எண்ணிக்கை ஏறினால் ‘பாசிப் பெருக்கம்’, மேலே வந்தாலும் வராவிட்டாலும். கண்ணுக்குத் தெரிந்தால் ‘பாசி பூத்தல்’. சூரிச்சில் கோடையில் பெருக்கம், இலையுதிர் காலத்தில் பூத்தல்.

கரையில் வைக்கும் பலகைக்கு என் வரைவு இது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரிப் பாசியால் அமெரிக்காவின் டொலீடோ நகரில் 4 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொன்னபோது, கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்று சேர்த்தே சொன்னார்கள். மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நஞ்சு கொதியில் அழியாது, நீர் வற்ற வற்றச் செறியும். அதனால் இரண்டாம் வரியை யாரும் வெட்ட வேண்டாம்:

‘ஏரியில் பாசி பூத்திருக்கிறது. இந்த நீரைக் கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். குளிக்காதீர்கள். ஆடு மாடுகளையும் நாய்களையும் இறக்காதீர்கள். படலம் மறைந்த பிறகும் நீர்ச் சோதனை முடிவு வரும்வரை காத்திருங்கள்.’

‘படலம் மறைந்த பிறகும்’ என்பது உங்கள் கேள்விக்காகச் சேர்த்தது. ‘இறக்காதீர்கள்’ யாழ்ப்பாணத்தில் வேறு மாதிரி கேட்குமா?